முதியோர் எழுந்து நடந்த வரலாறு

நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதியில் வகுத்துரைத்தார். அருகிருப்பவனுக்கு அவர் இட்ட பெயர் ‘உழைச் செல்வான்’ என்பது. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று பணி செய்பவன் என்பது அதன் பொருள். அவனுக்குரிய குணங்களை எண்ணிச் சொல்லும் பரிமேலழகர், அன்புடைமையோடு அறிவுடைமையையும் சேர்த்தே கூறுகின்றார். அன்பு மட்டும் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை.

மருத்துவத்தின் இந்த நான்காம் கூறே மற்ற மூன்றையும்விட முதன்மை பெறும் இடம் ஒன்று உண்டு. அது மூப்பினால் நலிந்தோரைப் பேணும் இடம். அங்கே மருந்து செய்வது சிறிது; தாதி செய்வது பெரிது. இவ்வுண்மையை உலகம் எளிதில் கண்டுகொள்ளவில்லை. அதனைக் கண்டுகொள்ள ஆங்கில நாட்டுக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்நாட்டில் ஏழை முதியோர் படுக்கையில் விடப்பட்டதும், பின்னர் எழுந்து நடந்ததும் ஆகிய வரலாறு ஆசிரியரும் பெற்றோரும் மக்களும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

மூப்பும் நலிவும்

மூப்பு வேறு, நலிவு வேறு. எண்பது வயதிலும் சந்தைக்கு நடந்து சென்று மீன் வாங்கி வருவோர் உளர். எழுபதிலேயே நாற்காலியை விட்டு எழ இருவர் துணையை நாடுவோரும் உளர். முன்னவர் மூத்தவர், பின்னவர் நலிந்தவர்.

உடம்பு தன் இளமையில் தேவைக்கு மேற்பட்ட வலிமையைச் சேமித்து வைத்திருக்கிறது. தசை, எலும்பு, இதயம், சிறுநீரகம் ஆகிய ஒவ்வோர் உறுப்பிலும் இந்தச் சேமிப்பு உண்டு. வயது ஏற ஏற அது கரைகிறது. சேமிப்பு மிகவும் குறைந்துவிட்ட நிலையே நலிவு எனப்படும். இளைஞன் ஒருவனுக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு மீள்கிறான். நலிந்த முதியவர்க்கு அதே காய்ச்சல் வந்தால் நடை போகிறது, நடை போனால் விழுகிறார், விழுந்தால் எலும்பு முறிகிறது, முறிந்தால் படுக்கை. சிறிய காரணம், பெரிய விளைவு. இதுவே நலிவின் இலக்கணம். இந்தச் சங்கிலியை எந்தக் கண்ணியில் அறுப்பது என்பதுதான் முதியோர் தாதிமையின் வினா. நெடுங்காலம் அவ்வினாவை எவரும் எழுப்பவேயில்லை.

ஏழையர் விடுதி

இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், தம்மைத் தாம் காத்துக்கொள்ள இயலாதவரைப் பேணும் கடமையை அந்தந்த ஊர்த் திருச்சபை வட்டாரத்தின்மேல் சுமத்தியது. முதியோர் பெரும்பாலும் தம் வீட்டிலிருந்தபடியே உதவி பெற்று வந்தனர். 1834ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. உதவி வேண்டுவோர் ‘ஒர்க்ஹவுஸ்’ எனப்பட்ட ஏழையர் விடுதிக்குள் வந்து தங்க வேண்டும் என்பதும், அங்குள்ள வாழ்வு வெளியே மிகத் தாழ்ந்த கூலி பெறும் உழைப்பாளியின் வாழ்வைவிடத் தாழ்ந்ததாகவே இருக்க வேண்டும் என்பதும் புதிய கொள்கைகள். உழைக்கக்கூடியவன் சோம்பியிருந்து உண்ணலாகாது என்பதே சட்டம் செய்தவர்களின் நோக்கம். ஆனால் அதே விடுதிக்குள்தான் உழைத்து ஓய்ந்த கிழவனும் கிழவியும் அடைக்கலம் புகுந்தனர். சோம்பேறிக்கென்று வகுத்த கடுமை, ஓய்ந்தவர் தலையில் விழுந்தது.

முதியோர்க்கும் சிறுவர்க்கும் உடல்வலிமை உள்ளோர்க்கும் தனித்தனி இல்லங்கள் அமையும் என்று தொடக்கத்தில் பேசப்பட்டது. பெரும்பாலான ஊர்களில் அனைவரும் ஒரே மதிலுக்குள் அடைக்கப்பட்டனர். கணவன் ஆண்கள் பகுதிக்கும் மனைவி பெண்கள் பகுதிக்கும் பிரிக்கப்பட்டனர். நாற்பது ஐம்பது ஆண்டு இணைந்து வாழ்ந்தோர் வாழ்வின் இறுதியில் பிரிக்கப்படும் கொடுமையை நாட்டினர் கண்டித்தனர். அறுபது வயது கடந்த தம்பதியரைக் கட்டாயமாகப் பிரிக்கக் கூடாது என்று 1847ஆம் ஆண்டில் விதி செய்யப்பட்டது.

விடுதிகளில் நோயுற்றோர் தொகை பெருகவே, ஒவ்வொரு விடுதியோடும் ஒரு நோயாளர் கூடம் சேர்ந்தது. அங்கே நோயாளர்க்குப் பணி செய்தவர் யாவர்? அதே விடுதியில் தங்கியிருந்த ஏழைப் பெண்களே. அவர்களுள் பலர் தாமே முதியோர். பயிற்சியில்லை, ஊதியமென்று சொல்லத்தக்கதும் இல்லை. மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க இயலாதவரும் இருந்தனர். உழைச் செல்வான் இல்லாத மருத்துவம் இது.

1864ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் ஹோல்பர்ன் விடுதியிலிருந்த திமொதி டேலி என்ற அயர்லாந்துத் தொழிலாளி, கவனிப்பாரின்றிப் படுக்கைப் புண்ணோடு துன்புற்று மாண்டான். செய்தித்தாள்கள் அச்சாவைப் பெரிதாக வெளியிட்டன. அவன் முதியவன் அல்லன், இளைஞன். ஆயினும் அவன் சாவு, விடுதிகளின் உள்ளே நாள்தோறும் நிகழ்ந்து வந்ததை வெளியுலகுக்குக் காட்டியது. ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழ் 1865ஆம் ஆண்டில் தானே குழுவொன்றை அமைத்து, இலண்டன் விடுதிகளின் நோயாளர் கூடங்களை நேரில் ஆராய்ந்து எழுதியது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அரசினர்க்கு எழுதிச் சீர்திருத்தம் வேண்டினார்.

லிவர்ப்பூலில் பன்னிரு தாதியர்

அதே 1865ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகரில் ஒரு சோதனை தொடங்கிற்று. அந்நகரத்து வணிகர் வில்லியம் ராத்போன், தம் பணத்தைக் கொடுத்துப் பிரவுன்லோ ஹில் விடுதியின் நோயாளர் கூடத்துக்குப் பயிற்சி பெற்ற தாதியரை வரவழைத்தார். நைட்டிங்கேல் பள்ளியில் பயின்ற தாதியர் பன்னிருவர் வந்தனர். அவர்களுக்குத் தலைவியாக வந்தவர் ஆக்னெஸ் ஜோன்ஸ் என்னும் அயர்லாந்துப் பெண்மணி. அங்கே நோயாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், தாதியரோ பன்னிருவர்.

மூன்றாண்டுகள் கூட நிறைவதற்குள், 1868ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆக்னெஸ் ஜோன்ஸ் டைபஸ் காய்ச்சலுக்கு இரையானார். அப்போது அவருக்கு வயது 35. ஆயினும் அவர் காட்டிய வழி மறையவில்லை. ஏழையின் படுக்கையருகிலும் பயிற்சி பெற்ற தாதி நிற்க வேண்டும் என்ற கருத்து வேரூன்றிவிட்டது. விடுதியில் தங்கியிருக்கும் ஏழையரைத் தாதியராகப் பயன்படுத்துவது 1897ஆம் ஆண்டில் அரசாணையால் தடுக்கப்பட்டது. முளை தோன்றிய ஆண்டுக்கும் சட்டமான ஆண்டுக்கும் இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன.

1908ஆம் ஆண்டில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. எழுபது வயதை எட்டிய ஏழையர்க்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை 1909 ஜனவரி முதல் வழங்கப்பட்டது. உடலில் வலிமையுள்ள முதியோர் பலர் விடுதிக்குப் போகாமல் தப்ப அது துணை செய்தது. விடுதியில் எஞ்சியோர் நடக்கவும் எழவும் மாட்டாத நலிந்தோரே. பணம் தீர்க்கக்கூடிய துன்பத்தைப் பணம் தீர்த்தது. தாதி தீர்க்க வேண்டிய துன்பம் அப்படியே நின்றது.

மார்ஜரி வாரன் கண்ட காட்சி

1929ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், ஏழையர் சட்ட நோயாளர் கூடங்களை 1930 ஏப்ரல் முதல் கவுண்ட்டி மன்றங்களிடம் ஒப்படைத்தது. இலண்டனுக்கு மேற்கே ஐசில்வொர்த் என்னுமிடத்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையோடு, அதற்கு அடுத்திருந்த பழைய விடுதியின் நோயாளர் கூடமும் 1935ஆம் ஆண்டில் இணைக்கப்பட்டது. ஏறக்குறைய எழுநூறு நோயாளர் ஒரே நாளில் அம்மருத்துவமனையின் பொறுப்பாயினர். அவர்களைக் கவனிக்கும் பணி மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம் வந்தது. 1897ஆம் ஆண்டில் பிறந்த அவர் அறுவை மருத்துவத்தில் தேர்ந்தவர். முதியோர் மருத்துவம் என்ற துறையே அந்நாட்டில் அன்று இல்லை. ‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்ற சொல்லை 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இக்னாஸ் நாஷர் என்பார் ஆக்கியிருந்தாலும், சொல் பிறந்ததே அன்றிச் செயல் பிறக்கவில்லை.

வாரன் அம்மையார் அக்கூடங்களில் கண்ட காட்சி துயரமானது. வரிசை வரிசையாகக் கட்டில்கள். கட்டிலின் இருபக்கமும் குழந்தைத் தொட்டிலுக்கு வைப்பது போன்ற தடுப்புக் கம்பிகள். பல்லாண்டுகளாக அவற்றுள் படுத்தே கிடந்த முதியோர். பக்கவாதம் வந்தவர், மூட்டுவலி உள்ளவர், மனம் பேதலித்தவர், எவ்வகை நோயுமின்றி வீடில்லாமையால் மட்டும் வந்தவர் ஆகிய அனைவரும் கலந்து கிடந்தனர். பலருக்கு என்ன நோய் என்பதே ஆராயப்படவில்லை. ‘தீராநோயர்’ என்ற ஒரே பெயர் அனைவருக்கும் போதுமானதாக இருந்தது.

அவர் செய்த முதற் செயல் எளியது. ஆனால் அதற்கு முன் எவரும் செய்யாதது. ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தார். இவர் ஏன் படுத்திருக்கிறார் என்ற வினாவை ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் நின்று கேட்டார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் மந்தம் என்று சொல்லும் ஆசிரியன் ஒருவரையும் அறியாதவன். ஒவ்வொரு பிள்ளைக்கும் எது தடை என்று பார்ப்பவனே ஆசிரியன். வாரன் அம்மையார் மருத்துவத்தில் செய்தது அதுவே. நடக்கக்கூடியவர், கழிப்பை அடக்கக்கூடிய படுக்கையாளர், அடக்க இயலாதவர், மனத்தடுமாற்றம் உடையவர் என்று நோயாளரை வகை பிரித்து, வகைக்கேற்ற இடமும் பணியும் அளித்தார்.

பின்னர்க் கூடத்தின் தோற்றம் மாறியது. மங்கிய சுவர்கள் வெளிர்நிறம் பெற்றன. நல்ல விளக்குகள் வந்தன. கட்டிலருகே சாய்வு நாற்காலிகள் வந்தன. சுவரோரம் பிடித்து நடக்கக் கைப்பிடிகள் அமைந்தன. இவை அழகுக்காக அல்ல. நாற்காலி இருந்தால்தான் நோயாளி கட்டிலைவிட்டு இறங்குவார். கைப்பிடி இருந்தால்தான் நடப்பார். தாதியும் உடற்பயிற்சியாளரும் தொழிற்பயிற்சியாளரும் சமூக நல அலுவலரும் ஒன்றுகூடி ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் வழக்கமும் வந்தது.

விளைவு என்ன? என்றும் எழமாட்டார் என்று விடப்பட்டோர் பலர் எழுந்து உட்கார்ந்தனர், நின்றனர், நடந்தனர். வீட்டுக்குத் திரும்பினோரும் உளர். முதியோர் இல்லங்களுக்குச் சென்று தம் வேலையைத் தாமே செய்துகொண்டோரும் உளர். 714 படுக்கைகள் தேவைப்பட்ட இடத்தில் நாளடைவில் 240 படுக்கைகள் போதுமானவை ஆயின. தாம் கண்டவற்றை 1943ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழிலும், 1946ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழிலும் அவர் எழுதினார். முதியோரைப் பொது மருத்துவமனையின் ஒரு பகுதியிலேயே வைத்து மருத்துவம் செய்ய வேண்டும், மருத்துவ மாணவரும் தாதி மாணவியரும் அங்கே பயில வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். 1947ஆம் ஆண்டில் டிரெவர் ஹோவெல் முதலிய மருத்துவர் சிலரோடு அவரும் சேர்ந்து முதியோர் மருத்துவச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். அதுவே 1959ஆம் ஆண்டில் பிரித்தானிய முதியோர் மருத்துவக் கழகம் என்று பெயர் மாறியது. 1960ஆம் ஆண்டில் கார் விபத்தொன்றில் வாரன் அம்மையார் காலமானார்.

படுக்கையே நோயாதல்

இவ்வரலாற்றில் கருதத்தக்க ஒன்று உண்டு. அந்த முதியோரைப் படுக்கையில் கிடத்தியவர் அனைவரும் கொடியவர் அல்லர். விழுந்துவிடக் கூடாதே என்ற கவலையால் கிடத்தினோர் பலர். ஓய்வு கொடுப்பதே உதவி என்று நம்பிக் கிடத்தினோர் பலர். அன்பு இருந்தது; அறிவு இல்லை.

1947ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஆஷர் என்ற இலண்டன் மருத்துவர், படுக்கையில் கிடப்பதன் தீங்குகளை உறுப்பு உறுப்பாக விளக்கிப் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அசையாத நுரையீரலில் சளி தேங்கும். அசையாத காலில் குருதி உறையும். எலும்பு சுண்ணச் சத்தை இழக்கும். தசை மெலியும். மடக்கிய முழங்கால் மடங்கியபடியே இறுகும். குடல் மந்தமாகும், சிறுநீர் தேங்கும். எல்லாவற்றினும் மேலாக, மனம் தளர்ந்து எழ வேண்டும் என்ற விருப்பமே மறையும். நோயால் படுத்தவருக்குப் படுக்கையே இரண்டாம் நோயாகிறது.

அன்று கண்ணால் கண்டு சொன்னதைப் பின்னாளில் அளந்தும் காட்டினர். 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயற்ற முதியோர் பன்னிருவர் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்யப்பட்டனர். அப்பத்து நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை அவர்கள் இழந்தனர். நோயற்றவர்க்கே இந்த இழப்பு என்றால், சேமிப்பெல்லாம் கரைந்து நிற்கும் நலிந்தவர்க்கு எத்துணை இழப்பு என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இருபது மதிப்பெண்

1948 ஜூலை 5ஆம் நாள் பிரித்தானியத் தேசிய நலப்பணி தொடங்கியது. பழைய ஏழையர் சட்டமும் அவ்வாண்டில் மறைந்தது. ஆயினும் பழைய விடுதிக் கட்டடங்கள் பல, முதியோர் மருத்துவமனை என்ற புதுப்பெயரோடு அப்படியே நின்றன. அங்கே பணிபுரிந்த தாதியர்க்குப் பழக்கம் வழிகாட்டியதே அன்றி ஆராய்ச்சி வழிகாட்டவில்லை. தாதி செய்யும் வேலையைத் தாதியே ஆராய வேண்டும் என்று முன்வந்தவர் டோரீன் நார்ட்டன்.

இலண்டன் விட்டிங்டன் மருத்துவமனையின் முதியோர் பிரிவில், ரோடா மெக்லாரன் என்ற தாதியோடும் எக்ஸ்டன்-ஸ்மித் என்ற மருத்துவரோடும் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1962ஆம் ஆண்டில் நூலாக வந்தது. அதன் தலையாய பொருள் படுக்கைப் புண்.

படுக்கைப் புண் தோன்றும் வகை இது: உடம்பின் எடை எலும்பு மேடுகளின் வழியாகப் படுக்கையை அழுத்துகிறது. முதுகின் அடி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோலும் தசையும் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே நசுங்குகின்றன. அங்கே குருதி ஓடுவதில்லை. உறங்கும்போதும் உடம்பு தானே புரண்டுகொள்வதால் நலமுள்ளவர்க்குத் தீங்கில்லை. புரள இயலாத முதியவர்க்குச் சில மணி நேரத்திலேயே தோல் சிவக்கிறது, பின்னர்க் கறுக்கிறது, பின்னர்க் குழியாகிறது. ஆறுவதற்குத் திங்கள் பல ஆகும். சிலர்க்கு அதன் வழியே நஞ்சேறி உயிரும் போகும்.

தலைமுறை தலைமுறையாகத் தாதியர் இதற்குச் செய்து வந்த பரிகாரம், முதுகைத் தேய்த்துவிடுதல். சோப்பும் ஸ்பிரிட்டும் எண்ணெயும் களிம்பும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒவ்வொன்றாகப் பயன்பட்டன. எப்பொருளைத் தேய்ப்பது சிறந்தது என்று வாதிட்டவர் உண்டு. நார்ட்டனின் ஆய்வோ, தேய்க்கும் பொருளால் பயனில்லை, அழுத்தத்தை நீக்குவதே பயன் என்று காட்டியது. குறித்த நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் பக்கம் மாற்றிக் கிடத்திய இடத்தில் புண் குறைந்தது. மருந்துக் கடையில் விற்காத மருந்து அது. தாதியின் இரு கைகளும் கடிகாரமும் போதும்.

யாரை மிகுதியாகக் கவனிப்பது என்பது அடுத்த வினா. அதற்கு அவர்கள் வகுத்த முறை, பள்ளி ஆசிரியர்க்கு மிகவும் பழக்கமானதொன்றை ஒத்தது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கை கால் அசைவு, கழிப்பை அடக்கும் ஆற்றல் என ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். முழு மதிப்பெண் 20. மிகக் குறைந்தது 5. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்நோயாளி ஆபத்தில் இருக்கிறார் என்று பொருள். புண் வந்தபின் மருந்திடுவதை விட்டு, வருவதற்கு முன் அறிந்து காக்க இப்பட்டியல் வழி செய்தது. ‘நார்ட்டன் அளவை’ என்ற பெயரால் அது பல நாடுகளுக்குப் பரவியது. அதன்பின் வேறு அளவைகளும் தோன்றின. ஆனால் தாதி தன் கண்ணால் காண்பதை எண்ணாக்கி, அடுத்த வேளைக்கு வரும் தாதியிடம் ஒப்படைக்கலாம் என்று காட்டியதில் இந்த அளவை முன்னோடி.

வீடும் மருத்துவமனையும் என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது இடம் ஒன்றும் இக்காலத்தில் தோன்றியது. ஆக்ஸ்போர்டு நகரில் லயனல் கோசின் என்ற மருத்துவரின் முயற்சியால், முதியோர் காலையில் வந்து பயிற்சியும் உணவும் பெற்று மாலையில் வீடு திரும்பும் பகல் மருத்துவமனைக்கென்றே 1958ஆம் ஆண்டில் தனிக் கட்டடம் எழுந்தது.

மூக்குக் கண்ணாடி பறிபோன கதை

வளர்ச்சி எங்கும் ஒன்றுபோல் இருந்தது என்று கொள்ளலாகாது. 1965ஆம் ஆண்டில் பார்பரா ராப் என்ற அம்மையார், இலண்டன் மனநோய் மருத்துவமனை ஒன்றில் தமக்குத் தெரிந்த முதியவளைப் பார்க்கச் சென்றார். அங்கே அவர் கண்டது அவரை உறங்கவிடவில்லை. முதியோரிடமிருந்து மூக்குக் கண்ணாடி, பொய்ப்பல், காதுக் கருவி ஆகியவை எடுத்துக்கொள்ளப்படும் வழக்கத்தைக் கண்டித்து, அவரும் பெரியோர் சிலரும் ‘டைம்ஸ்’ நாளிதழில் எழுதினர். 1967ஆம் ஆண்டில் தாதியர் பலரின் வாக்குமூலங்களைத் தொகுத்து அவர் ஒரு நூல் வெளியிட்டார். ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்று முதுமையை வருணிக்கும் இடத்திலிருந்து எடுத்த சொற்களே அந்நூலின் தலைப்பு. விசாரணைக் குழுக்கள் குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவற்றை முதலில் ஒப்பவில்லை. ஆனால் 1969ஆம் ஆண்டில் கார்டிஃப் நகர மருத்துவமனை ஒன்றைப் பற்றி வந்த அறிக்கை, நோயாளரைத் துன்புறுத்தல் நிகழ்ந்ததை உறுதிப்படுத்தியது. மருத்துவமனைகளை நேரில் கண்டு அறிவுரை கூறும் அமைப்பொன்றை அரசு அவ்வாண்டிலேயே ஏற்படுத்தியது.

மூக்குக் கண்ணாடி சிறிய பொருளாகத் தோன்றலாம். அது தொலைந்துவிடும், உடைந்துவிடும் என்று சொல்லி எடுத்து வைப்பது வார்டு நிர்வாகத்துக்கு வசதியாகவும் இருக்கலாம். அதன் உண்மையான மதிப்பை அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஷேரன் இனூயேயும் அவர் குழுவினரும் மருத்துவமனையில் சேர்ந்த எழுபது வயதுக்கு மேற்பட்ட 852 பேரை இரு பிரிவாகக் கவனித்தனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினர்க்கு அதனோடு கண்ணாடி, காதுக் கருவி, போதிய நீர், பகலில் நடை, இரவில் அமைதியான உறக்கம், இன்று என்ன நாள் என்று எடுத்துச் சொல்லும் பேச்சுத்துணை. முன்னவருள் நூற்றுக்குப் பதினைந்து பேர்க்குத் திடீர் மனக்குழப்பம் வந்தது. பின்னவருள் நூற்றுக்குப் பத்துப் பேர்க்கும் சற்றுக் குறைவானவர்க்கே வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நீதிக்காகக் கேட்ட கண்ணாடி, மருத்துவமாகவும் இருந்தது.

நலிவை அளத்தல்

நலிவு என்பது வெறும் வருணனைச் சொல்லாக இருந்த நிலையும் மாறியது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீடும் குழுவினரும் நலிவுக்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தனர்: காரணமின்றி உடல் எடை குறைதல், எதற்கும் களைத்துப் போதல், கைப்பிடி தளர்தல், நடை வேகம் குறைதல், அன்றாட நடமாட்டம் குறைதல். ஐந்தில் மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவின் வாயில். 2005ஆம் ஆண்டில் கனடாவில் கென்னத் ராக்வுட் குழுவினர், முதியவரின் அன்றாட வாழ்வைப் பார்த்தே நிலையைக் கணிக்கும் அளவை ஒன்றைத் தந்தனர்.

இவ்வடையாளங்களைக் காண்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. சட்டை தொளதொளப்பாகிவிட்டதா, முன்பு தாமே திறந்த புட்டி மூடியை இப்போது பிறரிடம் நீட்டுகிறாரா, சாலையைக் கடக்கும்போது பின்தங்குகிறாரா என்று கவனிக்கும் மகனும் மருமகளும் பேரனும் காணலாம். வாயிலில் நிற்கும்போதே கண்டுகொண்டால் உள்ளே போகாமல் தடுப்பதற்கு இடமுண்டு. நாள்தோறும் எழுந்து நடத்தல், கால் தசைக்கு வலிமை தரும் பயிற்சி, முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவு, தேவையற்ற மருந்துகளை மருத்துவர் அறிவுரையோடு குறைத்தல், வழுக்காத காலணி, குளியலறையில் கைப்பிடி ஆகியவையே இன்றைய தாதிமை நூல்களும் கூறுவன. ஐசில்வொர்த்தின் சுவரில் பொருத்திய கைப்பிடி உலகெங்கும் வீடுகளுக்குள் வந்திருக்கிறது.

நம் பகுதியோடு உள்ள தொடர்பு

இவ்வரலாறு கடல்கடந்த நாட்டின் வரலாறு மட்டும் அன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மலாயாவிலிருந்து இளைஞர் பலர் தாதிமைப் பயிற்சிக்காகப் பிரித்தானியா சென்றனர். அந்நாட்டு முதியோர் வார்டுகளில் நோயாளரைப் பக்கம் மாற்றிக் கிடத்திய கைகளில் இந்நாட்டுக் கைகளும் இருந்தன.

சிங்கப்பூரில் டான் டோக் செங் மருத்துவமனைக்கு 1844ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டபோது அது ஏழை நோயாளர்க்கான மருத்துவமனையாகவே கருதப்பட்டது. அதே மருத்துவமனையில் 1988ஆம் ஆண்டில் முதியோர் மருத்துவத்துக்கெனத் தனித்துறை அமைந்தது. ஏழைகளின் புகலிடமே முதியோர் கலையின் பள்ளியாக மாறியதில் ஐசில்வொர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஓர் ஒற்றுமை இருக்கக் காண்கிறோம்.

முடிவுரை

நலிந்த முதியவரைக் கண்டதும் வீட்டார் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் அன்பின் சொற்களே. “நீங்கள் எழ வேண்டா, படுத்திருங்கள், தண்ணீரை நானே கொண்டுவருகிறேன்” என்று மகள் சொல்கிறாள். அவள் அன்பில் குறையில்லை. ஆனால் அந்தத் தண்ணீர்க் குவளையை எடுக்க அவர் நாள்தோறும் நடந்த பத்தடியே அவருடைய நடையைக் காத்து வந்தது என்பதை அவள் அறியாள். பத்தடி போனபின் நடை போகிறது. நடை போனபின் மற்றவை தொடர்கின்றன. “எழுந்து வாருங்கள், நான் பக்கத்தில் வருகிறேன்” என்பதே அவள் சொல்ல வேண்டியது.

நூற்றாண்டுக் காலம் பிழை செய்தும் திருந்தியும் ஒரு நாடு கற்றுக்கொண்ட பாடம் இது. முதியவருக்காக நடப்பது பணிவிடையன்று. முதியவரோடு நடப்பதே பணிவிடை. உழைச் செல்வான் என்ற சொல்லுக்குள் பக்கம் என்ற பொருளும் செல்லுதல் என்ற பொருளும் சேர்ந்தே நிற்கின்றன.